உறங்குபவருக்கு முடி வெட்டிய நாள்

சீப்புக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், தலையைத்தான் பார்ப்பார். ஒருவருடைய இடது கிருதா வலது கிருதாவைவிட அரை விரற்கடை இறங்கியிருந்தால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. பேருந்தில் முன்சீட்டுக்காரரின் பிடரியில் யாரோ கோணலாக இழுத்துவிட்டிருந்த கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டவர் அவர்.

முப்பத்தோரு வருடமாக முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். இரண்டே நாற்காலி. சட்டைப் பையில் எந்நேரமும் சீப்பு இருக்கும். பெயர் அதனால் வந்தது. கடை மூடிய நாளிலும் தோள்பைக்குள் தோல் உறையில் கத்தரி இருக்கும். அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னிக்கு யார் தலையும் என் கையால கெட்டுப்போகக் கூடாது" என்று கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். தொட்ட தலையைப் பாதியில் விடக் கூடாது என்று இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒருமுறை, மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று செய்தி வந்து ஒருவர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓட, இவரும் சீப்போடு பின்னாலேயே ஓடி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மீதியை முடித்தார். அந்தக் குழந்தை தன் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அதில் சீப்புக்காரருக்கு இன்றுவரை பெருமை.

அப்படிப்பட்டவரை, பாவம், மருமகள் தன் வேலை இடத்துக்குக் கூப்பிட்டிருந்தாள்.

மருமகள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல பெண். ஆனால் மாமனாரிடம் அவள் பேசுவதெல்லாம் இரண்டு சொல்தான். "மாமா, டீ." "மாமா, சாவி." இவருக்கும் அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று ஆசை. முடிதிருத்துபவர் மருமகளுக்கு என்னதான் செய்ய முடியும்? மகனுக்கு மாதம் ஒருமுறை தலையைச் சீராக்கிக் கொடுக்கிறார். அதை அவள் தனக்குச் செய்த உபகாரமாக எடுத்துக்கொள்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் ஊருக்கு வெளியே இருந்த திறந்தவெளிச் சிற்பப் பூங்காவில் தற்காலிகப் பணியில் இருந்தாள். முந்தின நாள் டீயை நீட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றாள்.

"மாமா, நாளைக்கு எங்க பூங்காவுக்கு ஒரு சிற்பி அம்மா வர்றாங்க. அவங்க செஞ்ச சிலை ஒண்ணு என் பொறுப்புல இருக்கு. அதைப் பார்த்துட்டு அவங்க சரின்னு சொன்னா வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி. நீங்களும் அத்தையும் வந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

எட்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. சீப்புக்காரர் டீயை ஆறவிட்டு, கடைக் கதவில் மாட்ட "நாளை விடுமுறை" என்று அட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் பூங்காவில் இருந்தார்கள். சீப்புக்காரரின் மனைவி எதையும் மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதவர். முதல் சிற்பம், காய்ந்த கிளைகளை வட்டமாக அடுக்கி, நடுவே ஆள் நுழைகிற அளவுக்கு வாசல் விட்டிருந்தது.

"இது என்னம்மா?"

"கூடு அத்தை. உள்ள போய் உக்காரலாம்."

"உக்கார்ந்து?"

"சும்மா உக்காரலாம்."

மனைவி உள்ளே போனார். நேரம் போனது, அவர் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். "நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு இருந்தா உங்க குரல் கேட்காம இருக்கலாம்ங்க" என்றார் கணவரிடம்.

அடுத்தது ஓடையில் கூழாங்கற்களைச் சுருளாக அடுக்கியது. அதற்கடுத்தது ஒரு மரத்தின் அடியில், உதிர்ந்த இலைகளைப் பச்சையிலிருந்து பழுப்பு வரை நிறவாரியாக வரிசை வைத்தது. "ஒரு இலைகூட வரிசை தப்பலை பாரு" என்று சீப்புக்காரர் குனிந்து குனிந்து பார்த்தார். அவருக்குக் கலை புரிந்ததோ இல்லையோ, ஒழுங்கு புரிந்தது. செய்தவர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள் என்றார்.

நடுப்பகலில் மருமகள், "ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஓடிப் போய் வந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். பிறகு அவளுக்குப் பார்வையாளர்களை அழைத்துப் போகிற வேலை இருந்தது.

"நீங்க மெதுவா சுத்திப் பாருங்க மாமா. அந்த மேட்டுக்கு அப்பால இருக்கறதுதான் என் பொறுப்பு. நாலு மணிக்கு அந்தம்மா அங்கதான் வருவாங்க. நான் கொஞ்சம் முன்னாடியே வந்துடறேன்." இரண்டடி நடந்தவள் திரும்பி, "எல்லாம் நல்லபடியா இருக்கணும்" என்றாள். அவரிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. சீப்புக்காரர் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

மேட்டைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார்.

புல்வெளியில் ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருப்பதுபோல ஒரு தலை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பூமிக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சின்ன கார் அளவு. மண்ணைப் பிசைந்து செய்த முகம், மூடிய கண்கள், லேசாகத் திறந்த வாய். நெற்றி இவர் மார்பு உயரத்துக்கு இருந்தது. நெற்றிக்குப் பின்னால் தலை முழுக்கப் புல். பக்கத்தில் ஒரு பலகை: "உறங்குபவர். மண், புல்."

"நல்ல முகம்" என்றார் மனைவி. "நிம்மதியாத் தூங்கறாரு. நானும் கொஞ்சம் கண்ணை மூடறேன்." செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்பெஞ்சில் சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் உறங்குபவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

சீப்புக்காரரால் உட்கார முடியவில்லை. வெயில் படும் பக்கத்துப் புல் முழங்கை நீளம் வளர்ந்து காதை மூடியிருந்தது. நிழல் பக்கத்தில் பாதி நீளம்தான். ஒரு கிருதா தாடை வரை; மற்றது காதோடு நின்றுவிட்டது. தரையைத் தொடும் பிடரியோரத்தில் களை வேறு. இந்தக் கோலத்தில்தான் இது மருமகளின் பொறுப்பில் இருக்கிறது. நாலு மணிக்குப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள்.

மணி ஒன்றரை.

கடவுளே காட்டிக்கொடுத்த வழி என்று அவருக்குத் தோன்றியது. மருமகளுக்கு என்ன செய்யலாம் என்று எட்டு மாதமாக யோசித்தாரே, இதோ, தன் கைக்குத் தெரிந்த ஒரே வேலையே அவளுக்குத் தேவைப்படுகிறது. சுற்றிலும் தாழ்வாகக் கயிறு கட்டியிருந்தது. உச்சிப் பக்கம் மட்டும் இன்னும் இரண்டு முழம் தள்ளி. கயிறு வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான், வேலை செய்கிறவர்களுக்கு இல்லை என்று முடிவு செய்து தாண்டினார். கத்தரியைக் கண்ணில் ஒற்றினார். வழக்கமான வேண்டுதலைச் சொன்னார். சீப்பை வெயில் பக்கத்துக் கிருதாவில் வைத்தார்.

அரை விரற்கடை மட்டும் எடுப்பதாகத்தான் எண்ணம். ஆனால் ஒரு பக்கம் எடுத்தால் மறு பக்கம். இரண்டு பக்கமும் எடுத்தால் பிடரி. தொட்ட தலையைப் பாதியில் விடக் கூடாதே. புல் முடியைப் போல வளையவில்லை, கத்தரி முனகியது, கட்டைவிரலில் கொப்புளம் எழுந்தது. ஆனாலும் காதோரம் அவர் எடுத்த வளைவு இருக்கிறதே, அதற்கு ஈடாகக் கடையில்கூட ஒருநாளும் எடுத்ததில்லை. வேலை செய்யும்போது பேசுகிற பழக்கம் வேறு. "கொஞ்சம் இறக்கிக்கவா? போதுமா?" என்று உறங்குபவரிடம் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லாத வாடிக்கையாளர்கள் அவருக்குப் புதிதில்லை.

மூன்று மணிக்கு மேல் உச்சிக்கு வந்தார். சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொத்து அடர்ந்து நின்றது. அதை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. சீப்பை உள்ளே விட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சின்னப் பறவை வெடித்துக் கிளம்பி அவர் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. பக்கத்துப் புதரில் உட்கார்ந்து அவரைத் திட்ட ஆரம்பித்தது. புல்லை விலக்கிப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கூடு. நாலு முட்டை.

சீப்பை மெல்ல எடுத்தார். விலக்கிய புல்லை விரலால் பழையபடி சேர்த்துவிட்டு, பத்தடி பின்வாங்கி மூச்சை அடக்கி நின்றார். பறவை இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கொத்துக்குள் நுழைந்தது.

அப்போதுதான் தன் வேலையை மொத்தமாகப் பார்த்தார். தலை முழுக்கச் சீராக, மழமழவென்று, நடுவில் ஒரே ஒரு கொத்து மட்டும் சேவல் கொண்டை மாதிரி எழுந்து நின்றது. முப்பத்தோரு வருடத்தில் அவர் கையிலிருந்து அப்படி ஒரு தலை போனதில்லை. ஒருமுறை கத்தரியைப் பார்த்தார். ஒருமுறை புதரைப் பார்த்தார். பிறகு கத்தரியை உறைக்குள் போட்டார். கடவுள் சில நேரம் மனிதரை, அவர் எதில் கெட்டிக்காரரோ அதிலேயே உட்கார வைத்துப் பரீட்சை வைக்கிறார்.

மூன்றரைக்கு மருமகள் வேகமாக வந்தாள். மேட்டின் மேல் அப்படியே நின்றாள். அவள் கண் நேராக உச்சிக் கொத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்சநேரம் நின்றது. பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அதன் பிறகுதான் மீதித் தலையைப் பார்த்தாள். பார்த்ததும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா. நீங்களா?"

"நாந்தாம்மா. கொஞ்சம் கலைஞ்சு இருந்துச்சு."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு வருஷத்துக்கு இதை யாரும் தொடக் கூடாது மாமா. அதுதான் இந்தச் சிலையே. மனுஷக் கை படாம இது எப்படி வளருதுன்னு தினமும் மத்தியானம் ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்து அந்தம்மாவுக்கு அனுப்பறேன். இன்னிக்கோட இருநூத்திப் பன்னிரண்டு போட்டோ. யாரும் தொடாம பாத்துக்கறதுதான் என் வேலை."

பேச்சுக் குரலில் மனைவி விழித்தார். தலையைப் பார்த்தார், கணவரின் கொப்புளத்தைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார்.

"ரெண்டு மணி நேரம் கண்ணை மூடினா ஊரையே மொட்டை அடிச்சிடுவீங்க போல. சரி, ஆனது ஆச்சு. மாடு வந்து மேஞ்சுடுச்சுன்னு சொல்லிடலாம்."

"மாடு காதோரமா வளைவெடுத்து மேயுமா அத்தை?"

மனைவி இன்னொருமுறை பார்த்தார். "மேயாதுதான். அது என்னங்க நடுவுல? தொழிலே மறந்துபோச்சா? அதையாவது எடுத்து விடுங்க, பார்க்கச் சகிக்கலை."

"அது இருக்கட்டும்" என்றார் சீப்புக்காரர்.

"அது இருக்கட்டும் அத்தை" என்றாள் மருமகளும், அதே நொடியில்.

ஏன் என்று இருவரும் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னால் மனைவி எட்டிப் பார்ப்பார். அவர் பார்த்தால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். பறவை திரும்பி வராது. அதனால் சீப்புக்காரர் வாயை மூடிக்கொண்டார். மருமகள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

நாலு மணிக்குச் சிற்பி அம்மா வந்தார். நரைத்த தலை, மண் ஒட்டிய காலணி. கூடவே டை கட்டிய மேற்பார்வையாளர். பின்னால் வேடிக்கைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். மேற்பார்வையாளரின் முகம் வெளுத்துச் சிவந்தது.

"யார் பண்ணது இது?"

"என் தப்பு சார்" என்றாள் மருமகள். "பார்த்துக்க வேண்டியது நான். நான் இங்க இல்லை."

இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத பெண், தன் வேலையைத் தூக்கி மாமனாருக்கு முன்னால் தடுப்பாக வைக்கிறாள். சீப்புக்காரர் கயிற்றருகே போய் நின்றார்.

"அவ மேல தப்பு இல்லைங்க. நான் அவ மாமனார். முடி வெட்டறவன். கயிறைத் தாண்டினது நான், வெட்டினது நான். அவளுக்கு நல்லது செய்யறதா நினைச்சுச் செஞ்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "முடி வெட்டறவராம். நடுவுல பாருங்க, பாதியில டீ குடிக்கப் போயிட்டாரு." இன்னொரு குரல்: "இவர் கடை எங்க இருக்குன்னு கேட்டுக்கோங்க, அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது."

முப்பத்தோரு வருடத்துப் பெயர். ஒரு வார்த்தை சொன்னால் அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சீப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சிற்பி அம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் தலையை ஒருமுறை சுற்றி வந்தார். காதோரத்தில் கொஞ்சநேரம் நின்றார். "எனக்குக் கோபம் வருது. அதை முதல்ல சொல்லிடறேன்" என்றார். "ஏழு மாசம் போச்சு."

"போச்சுங்க" என்றார் சீப்புக்காரர்.

"காதோரத்துல இவ்வளவு சுத்தமா வேலை செஞ்சவருக்கு நடுவுல இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. எல்லாருக்கும் கேட்கற மாதிரி சொல்ல முடியாது. கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

சிற்பி அம்மா வலது காதைக் கொடுத்தார். சீப்புக்காரர் கையால் வாயை மறைத்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னார்.

சிற்பி அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார். மருமகளிடம் கேட்டார்: "நான் கட்டச் சொன்ன அளவு இது இல்லையே. உச்சிப் பக்கம் கயிறு ஏன் ரெண்டு முழம் தள்ளி இருக்கு?"

மருமகள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "நானும் பக்கத்துல வந்துதாம்மா சொல்லணும்."

சிற்பி அம்மா இடது காதைக் கொடுத்தார். அவளும் கையால் வாயை மறைத்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாள்.

இப்போது சிற்பி அம்மா சிரித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். "ரெண்டு காதுலயும் ஒரே சேதி" என்றார்.

சீப்புக்காரர் மருமகளைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்த்தாள். மேட்டின் மேல் அவள் விட்ட அந்த மூச்சு எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"எத்தனை நாளா?" என்று சிற்பி அம்மா கேட்டார்.

"ஒன்பது நாளாம்மா. யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா எல்லாரும் பார்க்க வருவாங்க."

"என்ன ஒன்பது நாளா?" என்றார் மேற்பார்வையாளர். பிறகு சிற்பி அம்மா பக்கம் ஓரடி வைத்தார். "மேடம், மெஷினைக் கொண்டுவந்து அந்தக் கொத்தையும் எடுத்துடறோம். எல்லாம் ஒரே மட்டமா ஆயிடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"அந்தக் கொத்தை யாரும் தொடக் கூடாது" என்றார் சிற்பி அம்மா. "முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம், அது சரி. நாளைக்கு மத்தியானம் எடுக்கறது ஒண்ணாம் நம்பர் போட்டோ. எடுக்கப் போறது இந்தப் பொண்ணு. நிரந்தரமாப் போடுங்க. காவலுக்கு ஆள் எங்கயும் கிடைக்கும். நான் கேட்டது இதைப் பார்க்கறதுக்கு ஒரு ஆள். இவ பார்த்திருக்கா."

மருமகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சீப்புக்காரரின் மனைவி போய் அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என்னன்னுதான் யாராவது சொல்லுங்களேன்" என்றார்.

சிற்பி அம்மா சீப்புக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தண்டனை உண்டு. இன்னிக்கிலேர்ந்து ஒரு வருஷம் இந்தக் கயிறுக்கு உள்ள உங்க கை வரக் கூடாது. வருஷம் முடிஞ்சதும் நீங்களே வந்து வெட்டணும். முழுசா."

"கத்தரியைச் சாணை பிடிச்சு வைக்கறேங்க" என்றார் சீப்புக்காரர்.

திரும்பும் பேருந்தில் மனைவி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் விசாரணை நடத்தினார். "அப்புறம் சொல்றேன்" என்றார் கணவர். "அப்புறம் சொல்றேன் அத்தை" என்றாள் மருமகள். "மாமனாரும் மருமகளும் கூட்டு சேர்ந்துட்டீங்க" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினேழாம் நாள், குஞ்சுகள் நாலும் பறந்துபோன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். "இதை என்கிட்ட சொல்லியிருந்தா நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த அரை மணியில் தெருவில் எட்டு வீட்டுக்குச் சொல்லி முடித்தார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் டீயோடு மருமகள் அன்றைய போட்டோவையும் கொண்டுவந்து காட்டுகிறாள். இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். "நிழல் பக்கம் பரவாயில்லை மாமா, பிடிச்சுக்கிட்டு வருது." "அது அப்படித்தாம்மா, மழை பெய்யட்டும், பாரு." பக்கங்கள் வளர்கின்றன, காது மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. ஆனால் உச்சிக் கொத்து முன்னாலேயே வளர்ந்தது அல்லவா, அது எப்போதும் ஒரு சாண் மேலேயே நிற்கிறது.

"கூடு காலியாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "அதை மட்டும் லேசா, ஒரே ஒரு விரற்கடை..."

"மாமா."

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

"கடவுளே, ஒரு வருஷத்துக்கு எனக்குப் பொறுமை கொடு" என்று வேண்டிக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கொத்தை மட்டும் மறைத்துக்கொண்டு மீதிப் போட்டோவைப் பார்க்க ஆரம்பித்தார்.